எங்களுக்கு ‘வியாழன் பதினொண்ணு’ என்று பேர் வைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. திரையில் ‘மேடம்’ என்று வந்தது. “சொல்லுங்க மேடம்” என்றேன். ஆம்பளைக் குரல் பேசியது.

“வியாழன் பதினொண்ணுங்களா?”

“இன்னாங்க?”

“இந்த போன்ல உங்க நம்பரை ‘வியாழன் பதினொண்ணு’ன்னு போட்டு வெச்சிருக்குது. நீங்க யாருங்க?”

நான் யார் என்று அவருக்கு என்ன சொல்வது? நீங்கள் யார் என்று திருப்பிக் கேட்டேன்.

“திலகவதியோட அண்ணன் பேசறேன், செங்கல்பட்டுலேர்ந்து. தங்கச்சி விடியக்காலைல தவறிட்டாம்மா. தூக்கத்துலயே. இந்த போன்ல ஒருத்தர் பேரும் இல்ல. திங்கள் நாலு, புதன் பத்து, வெள்ளி ஆறு, இப்படியே கீது. யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லக் கூடாதுன்னு ஒண்ணும் புரியல. எல்லாத்துக்கும் அடிச்சுகினு இருக்கேன்.”

கீரைக் காம்பு கையிலேயே இருந்தது. அடுத்த அறையில் என் பேத்தி கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தாள். செய்தி எனக்குத்தான் வந்தது. ஆனால் அது அவளுடைய செய்தி. இரண்டு நாளில் வியாழக்கிழமை. அந்த வியாழக்கிழமைக்காகத்தான் மேடமும் அவளும் பல மாதமாகப் பாடுபட்டிருந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடப்போவதாக அந்த அண்ணன் பிறகு சொன்னார். “தெரிஞ்சவங்க நாலு வரி எழுதிக் குடுங்க. பேர் போட வேணாம். என் தங்கச்சி யாருன்னு எனக்கே தெரியணும்” என்றார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். மளிகைச் சாமான் சீட்டும் மாமியாருக்குக் கடுதாசியும் தவிர வேறு எழுதியதில்லை. பேத்தியைக் கேட்டேன். “நீயே எழுது ஆயா. என் கதையைத் தாராளமா எழுது, பேரை மட்டும் போடாத” என்றாள். அதனால் எழுதுகிறேன். எழுதுகிற எனக்கே பாதி விளங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திலகவதி மேடம் மனசுக்குக் கவுன்சிலிங் கொடுப்பவர்கள். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்துக்கு மேல் மாடியில் அவர்களுக்கு ஒரு அறை இருந்தது. நாங்கள் டாக்டர் என்று கூப்பிட்டால், “நான் மருந்து எழுதறவ இல்லைங்க. மேடம்னே கூப்பிடுங்க” என்பார்கள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு மேற்பார்வை பார்க்க வந்தவர் மாதிரி இருப்பார்கள்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். என் மகன் அணு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். மருமகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பேத்தி இன்ஜினியரிங் படித்தாள். எங்கள் வம்சத்தில் முதல் இன்ஜினியர் அவள்தான். கேளம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கம்பெனி. மற்றவர்கள் எழுதிய சாப்ட்வேரில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் டெஸ்டிங் வேலை. “குறை கண்டுபிடிக்கச் சம்பளமா? அப்ப உங்க அம்மாவுக்கு எவ்ளோ தரணும்?” என்று நான் கேலி செய்வேன்.

போன வருஷம் அவளும் கூட வேலை செய்யும் பெண்ணும் ஈ.சி.ஆரில் ஸ்கூட்டரில் வந்தபோது ஒரு வேன் இடித்துவிட்டது. ஓட்டிய பெண் அங்கேயே போய்விட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த என் பேத்திக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். முருகன் காப்பாற்றிவிட்டான் என்று மொட்டை போட வேண்டிக்கொண்டேன். ஆனால் காப்பாற்றப்பட்டவள் அதற்கப்புறம் எந்த வண்டியிலும் ஏறவில்லை. ஸ்கூட்டர் வேண்டாம் என்றால் சரி. கார், பஸ், ஆட்டோ எதுவும் வேண்டாம். தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மூச்சு முட்டும், கை ஜில்லிட்டுப் போகும். கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். சாப்பாட்டைக் கொறித்தாள். போனை எடுக்க மாட்டாள். திருநீறு பூசினேன், உப்பு மிளகாய் சுற்றிப் போட்டேன். மணிக்கொரு தரம் “இப்ப எப்படிம்மா கீது?” என்று கேட்டேன்.

மகனோடு வேலை செய்பவர் ஒருவர் மேடத்தின் நம்பரைக் கொடுத்தார். நாங்கள் அவர்களிடம் போக முடியாதே! வண்டி ஏற மாட்டாளே! விஷயத்தைச் சொன்னதும், “அப்ப நான் வர்றேன்” என்று ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மேடம் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு முதல் குழப்பம். கூடத்தில் உட்கார்ந்து, வந்த பஸ்ஸைப் பற்றித் திட்டினார்கள். சீட்டு கிழிந்திருந்ததாம், மணிக்கயிறு அறுந்திருந்ததாம். பேத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள். நானோ பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேடம் கேட்பதற்கெல்லாம் அவளுக்கு முன்னால் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடம் என் பக்கம் திரும்பினார்கள். “அம்மா, டீ போடுவீங்களா?”

“இன்னா கேள்வி மேடம்! என் டீயைக் குடிச்சவங்க வேற வூட்டு டீயை வாயில வெக்க மாட்டாங்க.”

“அப்ப இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் போட்டு, நல்லா கொதிக்க விட்டுக் குடுங்க. சுண்டணும். அவசரமே இல்ல. உங்க கையால குடிச்சாதான் திரும்பிப் போகத் தெம்பு வரும் எனக்கு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. படித்த அம்மா, ஊரெல்லாம் தேடுகிற அம்மா, என் டீக்கு ஆசைப்பட்டார்கள். அன்றிலிருந்து எல்லா வியாழக்கிழமையும் இஞ்சி இடித்தேன். இரண்டு டம்ளர் கொண்டுபோய் வைப்பேன், ஒன்று மேடத்துக்கு, ஒன்று பேத்திக்கு. மிச்சம் வைக்காமல் இரண்டும் காலியாகிவிடும். எதிர் குவார்ட்டர்ஸ் பங்கஜத்திடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன், “எங்க மேடம் என் டீக்காகவே வர்றாங்க” என்று.

சில வாரம் கழித்து இருவரும் வீட்டை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். நான் பிளாஸ்கில் டீயோடு பின்னால் போனேன். அங்கே போய் மேடம் பேத்தியிடம், “நீ டெஸ்டிங் தானே? வர்ற பஸ்ஸையெல்லாம் டெஸ்ட் பண்ணு. என்னென்ன கோளாறு இருக்குன்னு எனக்கு ரிப்போர்ட் குடு” என்றார்கள்.

தனியாகக் கூப்பிட்டு, “மேடம், அதுவே பயந்துகினு கீது. வண்டியில கோளாறு பாருன்னு சொன்னா பயம் ஜாஸ்தியாவாதா?” என்று கேட்டேன்.

“வேற ஒருத்தருக்கு ஆகும்மா. அவங்களைக் கண்ணை மூடிக்கச் சொல்லுவேன், பாட்டு கேக்கச் சொல்லுவேன். உங்க பேத்தி கண்ணைத் திறந்து வெச்சிருந்தாதான் நிம்மதியா இருக்கிற பொண்ணு. அன்னைக்கு அவ பின்னாடி உக்காந்திருந்தா. முன்னால என்ன வருதுன்னு அவளுக்குத் தெரியல. அதான் அவளுக்கு ஆறல.”

இதைப் பேத்தி அவர்களிடம் எப்போது சொன்னாள்? என்னிடம் சொன்னதில்லை. மணிக்கொரு தரம் கேட்ட என்னிடம் சொன்னதேயில்லை. நான் அடுப்படியில் இருந்தபோது சொல்லியிருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பேத்தி முதலில் தூர நின்று பார்த்தாள். டயர் தேய்ந்திருக்கிறது, ஒரு லைட் எரியவில்லை என்றாள். அடுத்த வாரம் கிட்டப் போனாள். அதற்கடுத்த வாரம் நின்ற பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தாள். கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாம்மா, ஏர்றியா, இல்ல வண்டிக்கு எஃப்.சி. பாக்க வந்தியா?”

மேடம் கீழேயிருந்து, “எஃப்.சி.தான் அண்ணாத்த. பாஸ் ஆச்சுன்னா ஏறுவா” என்றார்கள்.

“அப்ப இந்த ஜென்மத்துல ஏற மாட்டா. ரைட், ரைட், போலாம்!”

என் பேத்தி சிரித்தாள். விபத்துக்கப்புறம் முதல் சிரிப்பு. நான் பிளாஸ்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பங்கஜம் இதைக் கேட்டுவிட்டு, பரீட்சை என்றால் காய்ச்சல் வரும் தன் மகனுக்கும் இதே வைத்தியம் வேண்டும் என்றாள். நான் மேடத்திடம் சிபாரிசு செய்தேன். “அந்தப் பையனுக்கு என்ன செய்யணும்னு அவனைப் பாத்து, அவன் பேசறதைக் கேட்ட அப்புறம்தான் தெரியும். இப்பவே தெரியும்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்” என்றார்கள். அவனைப் பார்த்தார்களா, என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், “இன்னொரு டீ கிடைக்குமா?” என்பார்கள்.

அப்புறம் பேத்தி மேடத்தோடு பஸ் ஏறினாள். அப்புறம் என்னோடு ஏறினாள். ஒரு தரம் நாங்கள் இருவரும் மாமல்லபுரத்தில் மேடத்தின் அறைக்கே போனோம். கீழே கல் செதுக்கும் சத்தம் காதைப் பிளந்தது. “இந்தச் சத்தத்துல எப்படி மேடம் மனசு வுட்டுப் பேசுவாங்க?” என்று கேட்டேன். “இந்தச் சத்தம் இருந்தாதான் சிலர் பேசுவாங்கம்மா. வெளியே யாருக்கும் கேக்காதில்ல” என்றார்கள். சத்தம் ஆகாதவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, கடற்கரை எதற்கு இருக்கிறது என்றார்கள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. அவள் தனியாக ஏற வேண்டும். அணுபுரத்தில் ஏறி, புதுப்பட்டினத்தில் மாறி, மாமல்லபுரத்தில் இறங்க வேண்டும். மேடம் அங்கே நிற்பார்கள், ரிப்போர்ட் வாங்கிக்கொள்வார்கள். அதற்குக் குறித்த நாள்தான் அந்த வியாழக்கிழமை. அதற்குள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

செய்தியைச் சொன்னபோது பேத்தி அழவில்லை. “எப்பக் கிளம்பணும்?” என்று மட்டும் கேட்டாள். மகனுக்கு டியூட்டி. நானும் அவளும் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் என் கையை விடவில்லை. எந்தக் கோளாறையும் அவள் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது.

சாவு வீட்டில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு யார் வந்தாலும் எந்த வகையில் உறவு என்று கேட்பது நம் வழக்கம். அன்றைக்கு அந்தக் கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கவுன்சிலிங் போனவன் என்று சாவு வீட்டில் யார் வாய் திறந்து சொல்வான்?

எனக்கு முன்னால் குப்பத்திலிருந்து வந்த ஒரு மீனவர் நின்றார். யாரு நீங்க என்று மேடத்தின் அண்ணி கேட்டதற்கு, “அந்தம்மாவுக்கு நாந்தான் மீனு குடுப்பேன்” என்றார்.

“மீனா? எங்க வூட்டுல முட்டை கூட சேக்க மாட்டோமே!”

அவர் முழித்தார். “பக்கத்து வூட்டுக்காக வாங்கினாங்களோ இன்னாவோ” என்று நழுவினார். அடுத்து ஒரு படித்த பெண், காலேஜில் பாடம் எடுப்பவர், கூடப் படித்தவள் என்றார். அவருக்கு முப்பது வயது கூட இருக்காது. அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

என் முறை வந்தது. எனக்குப் பொய் தேவைப்படவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னேன்: “மேடம் எங்க வூட்டுக்கு டீ குடிக்க வருவாங்க. என் இஞ்சி டீன்னா உசுரு.”

அண்ணன் கிட்டே வந்தார். “டீயா? என் தங்கச்சியா?”

“ஆமாங்க. வாராவாரம்.”

“அம்மா, நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க போல. அவளுக்குப் பால் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே ஆகாது. டீ வாசனை வந்தாலே எழுந்து போயிடுவா. சீரகத் தண்ணிதான் அவ குடிக்கிறது.”

கண்ணாடிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன். மேடம்தான். ஆள் மாறவில்லை. எனக்குத்தான் தலை சுற்றியது.

ஷாமியானா ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தோம். மீனவரும் காலேஜ் அம்மாவும் அங்கேயே வந்து உட்கார்ந்தார்கள். மீனவர்தான் ஆரம்பித்தார்.

“நீங்க எந்தக் கிழமை?”

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. காலேஜ் அம்மா, “புதன் பத்து” என்றார். மீனவர், “நான் திங்கள் நாலு” என்றார்.

“எவ்ளோ பேசுவாங்க இல்ல? கலகலன்னு” என்றேன் நான்.

“பேசுவாங்களா?” என்றார் மீனவர். “என்கிட்ட வாயே தொறக்க மாட்டாங்க. கடல்ல தம்பியை வுட்டுட்டு வந்தவன் நான். கரையில உக்காந்து வலை சரி பண்ணிகினு இருப்பேன். கொஞ்சம் தள்ளி கடலைப் பாத்துகினு சும்மா குந்தியிருப்பாங்க. இருட்டறதுக்குள்ள எழுந்து போயிடுவாங்க. ஒரு நாளு நானே பேசிட்டேன்.”

“எனக்கு அவங்க அப்படி இல்லை” என்றார் காலேஜ் அம்மா. “ரொம்பக் கண்டிப்பு. கொஞ்சம் லேட்டாப் போனாக் கூட கதவு திறக்க மாட்டாங்க. எங்க வீட்டுல எல்லாரும் எனக்கு எல்லாத்துலயும் விட்டுக் குடுப்பாங்க. அவங்க ஒருத்தர்தான் விட்டுக் குடுக்கல.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

எனக்கு இன்னும் மோசமாகக் குழம்பியது. கலகலப்பானவரா, ஊமையா, கண்டிப்பானவரா? வீட்டில் எப்படி என்று அண்ணனைக் கேட்டேன். “சீரியல் பாப்பா. வில்லியைப் பாத்துத் திட்டிகினே இருப்பா. வேற ஒண்ணும் தெரியாது” என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே ஆளுக்காகத்தான் வந்திருக்கிறோமா? எங்களுக்குக் காட்டியதெல்லாம் வேஷம் என்றால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது யார்?

பேத்தியின் காதில் கேட்டேன். “அப்ப அந்த டீயை யாரு குடிச்சாங்க?”

அவள் தரையைப் பார்த்தாள். “நான்தான் ஆயா. ரெண்டு டம்ளரும். நீ உள்ள போனதும் என் பக்கம் தள்ளிடுவாங்க. ‘உங்க ஆயா மனசு நோகக் கூடாது, சீக்கிரம் குடி’ம்பாங்க. அப்பல்லாம் எனக்கு வேற எதுவும் தொண்டையில எறங்கல. அதைத்தான் குடிச்சேன்.”

“சுண்டக் காய்ச்சுங்கன்னாங்களே!”

“நீ அடுப்பாண்ட நிக்கணும்னுதான்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு என்ன வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒரு பக்கம் எரிந்தது. என் டீயை வாயில் வைத்ததேயில்லை! இன்னொரு பக்கம், என் பேத்தியை எப்படிக் கணக்குப் போட்டார்களோ அப்படியே என்னையும் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்திருக்கிறார்கள். ‘நீ வெளியே போ’ என்று சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன். அது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. கோபப்படுவதா, கும்பிடுவதா? கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். கோபத்தோடுதான் கும்பிட்டேன்.

புதன்கிழமை முழுக்க பேத்தி படுக்கையை விட்டு எழவில்லை. சாப்பிடவில்லை. தெருவில் லாரி ஹாரன் அடித்தபோது போர்வை அசைந்தது. பழையபடி ஆகிவிடுமோ என்று எனக்கு உயிரே இல்லை. “எப்படிம்மா கீது?” என்ற கேள்வி தொண்டை வரைக்கும் வந்து வந்து போனது. கேட்க விடாமல் டீ போட அனுப்பத்தான் இப்போது மேடம் இல்லையே, கேட்டால் என்ன என்றும் தோன்றியது. கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றும் தெரியாது.

வியாழக்கிழமை காலை அவள் குளித்து, உடுத்தி, கைப்பையோடு வந்து நின்றாள்.

“பதினோரு மணிக்கு மேடம் கிட்ட போவணும் ஆயா.”

மேடம் எங்கே இருக்கிறார்கள், நீ எங்கே போகிறாய், புத்தி தடுமாறிவிட்டதா, நானும் கூட வரட்டுமா? இத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்படிக்குப் போய் இஞ்சியை எடுத்துத் தட்ட ஆரம்பித்தேன். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பாலை வைத்தேன், தூளைப் போட்டேன். சுண்டியது, தண்ணீர் ஊற்றினேன். மறுபடி சுண்டியது. நான் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் பஸ் ஸ்டாப்புக்கு ஓடியிருப்பேன்.

கடைசியில் போன் அடித்தது.

“ஆயா, எறங்கிட்டேன். மாடி பூட்டிக் கீது. கீழதான் நிக்கிறேன்.” பின்னால் உளிச் சத்தம் கேட்டது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. “வண்டி எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“புதுப்பட்டினத்துல மாறினேன் இல்ல, அந்த வண்டியில பின் கதவு மூடல. கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க. டிரைவருக்குப் பின்னால கம்பி ஆடுது. கண்டக்டர் நல்ல மாதிரி.”

“சரிம்மா, மேடம் கிட்ட சொல்லிடு” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

உளிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம், “நீ சொல்லிடு ஆயா” என்றாள்.

மேடம், நீங்கள் யார் என்று உங்கள் அண்ணன் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதுப்பட்டினம் வண்டியில் பின் கதவு மூடவில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பி ஆடுகிறது. கண்டக்டர் நல்ல மாதிரி. உங்கள் வியாழன் பதினொண்ணு தனியாக வந்து இறங்கிவிட்டது. டீ போட்டேன், உங்களுக்கு ஊற்றவில்லை. எங்கள் வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் சீரகத் தண்ணி வைத்திருக்கிறேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.